மூடிய பெட்டி

இரண்டாவது தகட்டிலும் அதே பெயர்தான் கெட்டிருந்தது.

ஆறிய பித்தளையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். கிரேன்காரர் மகன் பெயர் பளிச்சென்று இருந்தது. வாட்ச்மேன் பேரன்கள் இருவர் பெயர்களும் கூர்மையாக விழுந்திருந்தன. கடைசி வரியில், மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர் ஐயாவின் மூத்த மகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒழுகி உறைந்த மெழுகு போல ஒரு கட்டி.

"வயசாகுதில்ல ஐயா. கை நடுங்குதோ என்னவோ" என்றார் ஃபோர்மேன், தரையைப் பார்த்தபடி. "அடுத்த ஷிஃப்ட் ஆளை விட்டு ஒரு தடவை..."

"என் பிள்ளை பேரை இன்னொருத்தன் மணல்ல பதிக்கிறதா? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது."

"நாளைக்குக் காலையில நினைவுத் தகடு திறப்பு."

"மதியத்துக்குள்ள அச்சு தயாரா இருக்கும். உலையை அணையாமப் பாத்துக்கச் சொல்லுங்க, போதும்."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை, அவர்களுடைய அப்பன்மாரும் அண்ணன்மாரும் உழைக்கிற பவுண்டரியிலேயே வார்ப்பது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. மோல்டர் ஐயாவின் குடும்பம் இங்கே குடிவந்ததே மகன் போர்முனைக்குப் போன பிறகுதான். ஆனாலும் சாவுச் செய்தி வந்த அன்று, முகம் பார்க்காத அந்தப் பிள்ளைக்காக லைன் முழுக்க அவர் வாசலில் வந்து நின்றது.

சங்க அறைச் சுவரில் அவன் படம் இருந்தது. ராணுவச் சட்டையின் கைகள் இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டிருந்தன. மீசை என்று சொல்ல ஒரு பென்சில் கோடு.

"இதுவா மூத்தவன்? பச்சைப் பிள்ளையா இருக்கானே" என்று யாராவது கேட்டால், "எங்க வம்சத்துக்கு வயசு தெரியாது" என்பார் மோல்டர் ஐயா. அவர் சொல்கிற விதத்தில் அடுத்த கேள்வி எழாது.

உலை பார்க்கும் அவருடைய இன்னொரு மகனை லைனில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை.

மோல்டர் ஐயா மூன்றாவது அச்சைத் தொடங்கினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடிப்பெட்டி மணலில் அழுத்தி எடுத்தார். கடைசி எழுத்தை எடுத்ததும், மேல் பெட்டியை இறக்கி மூடினார். ஒருவர் மூடிய பெட்டியை இன்னொருவர் திறப்பது அந்தப் பட்டறையில் திருட்டுக்குச் சமம்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. எல்லோரும் வெளியேறினார்கள். வாசலில் ஃபோர்மேன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு உங்க கைமேல சந்தேகம் இல்லை ஐயா. பெட்டியை யாரோ தொடுறாங்கன்னுதான். சத்தம் போடாம வாங்க."

பக்கக் கதவு வழியாக நுழைந்து இருவரும் மணல் குவியலுக்குப் பின்னால் நின்றார்கள்.

சின்னவன் வந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். மேல் பெட்டியைத் தூக்கி மெல்லச் சாய்த்து வைத்தான். பிறகு மண்டியிட்டு, கடைசி வரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தான்.

ஃபோர்மேன் பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தார். "நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? உங்கப்பா எந்நேரமும் பெரியவன் புராணம் பாடுறாருன்னு வயித்தெரிச்சலா? செத்தவன் பேருகூடவா உனக்குப் பொறுக்கலை?"

சின்னவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

"அவனை விடுங்க" என்றார் மோல்டர் ஐயா. "இது எங்க வீட்டு விஷயம். நீங்க சாப்பிடப் போங்க."

"சங்கத்துல சொல்லாம விடமாட்டேன் ஐயா."

"போங்கன்னு சொன்னேன்."

ஃபோர்மேன் முணுமுணுத்துக்கொண்டே போனார். மோல்டர் ஐயா மகனைப் பார்க்கவில்லை, கலைந்த மணலைத்தான் பார்த்தார். அப்போதும் முதுகு வளையவில்லை.

"என் கை போச்சுன்னு பட்டறையே பேசுது. அதைக் கேட்டுக்கிட்டு நின்னியே."

"நாளைக்கு அம்மா வருவாங்கப்பா. கண்ணு தெரியாட்டியும் தகட்டைத் தடவிப் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதே எங்க ரெண்டு பேர் பேருதான். ஊருக்குச் சொல்லிச் சமாளிக்கலாம். அந்த விரலுக்கு என்ன சொல்வீங்க?"

மோல்டர் ஐயாவின் குரல் தாழ்ந்தது. "மூத்தவன் பேருக்கு உத்தரவு வந்த அன்னைக்கு ஒருத்தன் பரண்மேல ஏறி ஒளிஞ்சுக்கிட்டான். இன்னொருத்தன் அந்தப் பேர்ல நான் போறேன்னு வந்து நின்னான். இந்த வீட்டுல இருந்து ஆள் போகலைன்னு ஒரு வாய் சொல்லிடக் கூடாதேன்னுதான் அனுப்பி வச்சேன். எல்லாம் வீட்டு மானத்துக்காக."

"தெரியும்பா. நீங்க பேசினது பரண்மேல எனக்குக் கேட்டுச்சு."

"தெரியுதில்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. விஷயம் வெளியே போனா உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும்."

அவன் கலைந்த மணலைச் சமன் செய்தான். ஈய எழுத்துகள் கிடந்த தட்டை அப்பாவின் பக்கம் நகர்த்தினான்.

"தம்பி பேரைப் போடுங்கப்பா."