எழுபத்திரண்டாவது குமிழி

ஒரு குமிழிக் காற்றின் விலை ஒரு மாதச் சம்பளம்.

ஊரெல்லாம் சும்மா கிடைக்கிற காற்றுதான். ஆனால் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி, அதிலுள்ள தண்ணீரைக் கலக்கியடிக்கும் எட்டு விசிறிகள், நொடிக்கு ஆயிரம் படம் பிடிக்கும் இரண்டு கேமராக்கள், எல்லாச் செலவையும் நூறு குமிழிகளுக்குப் பங்கு போட்டால் அவ்வளவு வருகிறது. பேரம் பேசிப் பாருங்கள், ஒரு காசு குறையாது.

எழுபத்திரண்டாவது குமிழி தொட்டியின் அடியிலுள்ள ஊசிமுனையிலிருந்து கிளம்பியது.

கூட்டுக் குடும்பத்துக்கு வந்த புது மருமகள் மாதிரி அதற்கு எல்லாப் பக்கமும் இடி. கீழிருந்து ஒரு தள்ளு, பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு. தட்டையாகும், நீளும், நெளியும், ஆனால் உடையாது. எந்த இடி எவ்வளவு என்று படத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பது தொட்டியருகே நின்ற ஆராய்ச்சிக்காரியின் வேலை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே குமிழியம்மா.

உதட்டுக்குள் எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். நேற்று விட்ட எழுபத்தொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே அப்படித்தான் வந்தன.

இது ஐந்துக்கு வந்தது.

அடுத்ததும் ஐந்து. அதற்கடுத்ததும். நெளியவே இல்லை. கோலிக்குண்டு மாதிரி விறைப்பாக வந்து சேர்ந்தன.

அவள் பதறவில்லை. தண்ணீரில் எண்ணெயோ சோப்போ துளி கலந்தால் போதும், குமிழிமேல் பாலாடை மாதிரி படிந்து அதை இறுக்கிவிடும்.

“யாரு கைய விட்டது?” என்றாள், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏணிமேல் ஸ்பானரோடு நின்றிருந்தவர் அவள் கணவர். அந்தத் தொட்டியைக் கட்டியவர்.

“நான்தான். காலையில ஒரு திருகாணி லூசா இருந்துச்சு. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டுத்தாம்மா விட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை விடக் கூடாது, சோப்புக் கையை விடவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதித் தொட்டியில் ஒட்டியதே அவர்தான்.

“பொய்யாவது கொஞ்சம் பொருத்தமா சொல்லுங்க. நான் ரெண்டு வருஷம் போறது பிடிக்கலைன்னு வாயத் திறந்து சொன்னா என்னவாம்?”

“சொன்னா நின்னுடுவியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

கடல் கடந்த வேலை. நூறு குமிழிகளின் கணக்கு இன்று மாலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சேராவிட்டால் பயணம் நின்றுவிடும் என்பது மட்டும் அவராகக் கட்டிக்கொண்ட முடிவு.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. தண்ணீரை வடித்து, அலசி, திரும்ப நிரப்ப ஐந்து மணி நேரம். குமிழி விட ஒரு மணி நேரம். நேரம் இருந்தது.

“இறங்குங்க. மொத்தத் தண்ணியையும் தொறந்து விட்டுட்டு, நல்லா அலசுங்க. சோப்பு போடாம.”

“என்னை விட்டுட்டுப் போறதுக்கு நானே தொட்டி கழுவித் தரணுமா?”

“ஆமா. நீங்களேதான் கழுவணும்.”

முனகிக்கொண்டே இறங்கி வந்து வால்வைத் திறந்தார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது.

அங்கிருந்து வந்த கடிதத்தின் முதல் பக்கத்தைத்தான் அவள் வீட்டில் காட்டியிருந்தாள். இரண்டாம் பக்கம் இன்னும் அவள் கைப்பையில் இருந்தது. அவளுக்கு வேலை எப்படியும் உண்டு. நூறு குமிழியும் ஒழுங்காக வந்தால், தொட்டி கட்டியவருக்கும் சேர்த்து உண்டு. மூன்று வாரம் விடாமல் பேரம் பேசி வாங்கிய வரி அது. நூறு முடிந்ததும் நீட்டி, அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

தண்ணீர் வடிந்த பின் குனிந்து தொட்டியைத் தேய்க்கிற முதுகை ஒரு தடவை பார்த்துவிட்டு, நோட்டில் கடைசி மூன்றையும் அடித்தாள். கீழே எழுதினாள்.

வந்தது எழுபத்தொன்று. பாக்கி இருபத்தொன்பது.