விரலுக்கு இடம்

தவசிக்கனி அண்ணாச்சி ஆயுசெல்லாம் மரம் வாங்கி அறுத்து விற்றவர். வாங்கும் மரத்தின் சுற்றளவு பார்க்கும்போது மரத்துக்கே மூச்சு முட்டுகிற மாதிரி நாடாவை இறுக்குவார். அப்புறமும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். மொட்டைக் குன்றில் ஊர் கூடி நட்டு வளர்த்த காட்டை அளக்க அந்தக் கையைத்தான் பிடித்து வந்திருந்தார்கள். காற்றிலிருந்து மரம் இழுத்து வைத்திருக்கும் கார்பனுக்கு ஒரு கம்பெனி காசு தரும். மரம் நின்றால் போதும். அளவு தேறாவிட்டால் காடு செங்கல் சூளைக்கு. லாரி இப்போதே அடிவாரத்தில் நின்றது.

முதல் வேம்பை இறுக்கி அளந்து, வழக்கப்படி குறைத்துச் சொன்னார்.

கம்பெனியிலிருந்து வந்த பியூலா நாடாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க விக்கிற ஆளு.”

“அட, பழகின கை தாயி!” என்றவர், அடுத்த மரத்தில் நாடாவுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலை நைசாக நுழைத்தார்.

“விரலுமா கார்பன் பிடிக்கும்? எடுங்க.”

எடுத்தார். பேரமில்லாத அளவு அவருக்குப் புதிது. ஒவ்வொரு மரமாக உள்ளதை உள்ளபடி அளந்து சொன்னார். வெயில் சாய்கிற நேரத்தில் பியூலா நிமிர்ந்து, “தேறிட்டு அண்ணாச்சி” என்றாள். கீழே லாரி காலியாகத் திரும்பியது.

அவள் எண் தகட்டைக் கம்பியால் வேம்பில் இறுக்கிக் கட்டினாள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன தாயி, வாங்க வந்தவ மாதிரி இறுக்குற? இவன் இன்னும் பருக்க வேண்டாமா?”

கம்பியைத் தளர்த்தி, பட்டையோரம் மறுபடி விரலை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். இன்னொரு விரலையும் நுழைத்தார்.