நூலில் இரண்டு முடிச்சு

கான்கிரீட் இறுக இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

வளவனூருக்கு வெளியே, பாதி எழும்பிய வீட்டின் பின்புறம், செப்டிக் டேங்கின் மேல்மூடியைப் போட்டு முடித்துவிட்டு மேஸ்திரி அப்பாதுரை கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கான்கிரீட்டின் ஒரு மூலையில் சதுரமாக ஒரு பலகைப் பெட்டி நின்றது. ஆள் உள்ளே இறங்க விட்ட வழி.

வீட்டுக்காரி தையல்நாயகி பெட்டியின் மேல் ஒரு நூலை நீட்டிப் பிடித்தாள். நூலில் இரண்டு முடிச்சு.

இரண்டும் பெட்டிக்குள்ளேயே விழுந்தன.

திருப்பிப் பிடித்தாள். அப்போதும் விழுந்தன.

“இந்தப் பொட்டிய எடுத்துடுண்ணா. ஒரு பைப்பு நுழையற ஓட்ட போதும்.”

அப்பாதுரை சிரித்தார். “இன்னாம்மா, வெளையாடறியா? அடியில அடிச்ச சென்ட்ரிங் பலகைய யாரு பிரிக்கிறது, எம் மாமனா வருவான்? நாளைக்கு சகதி கெட்டியாயிட்டா கழிவு உறிஞ்சற லாரி ஓஸு இழுக்காது. ஆள் எறங்கித்தான் வாரணும்.”

“பலக உள்ளயே கெடந்து மக்கட்டும்.”

“வாடகைப் பலகம்மா அது.”

பக்கத்துக் கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கான்கிரீட்டின் மேல் பளபளத்த ஈரம் ஓரமாக மங்கிக்கொண்டு வந்தது.

சட்டென்று மண்டியிட்டாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். விளிம்பு சரிந்து உள்ளே விழுந்தது. சுற்றியிருந்த கலவையைக் கையாலேயே வாரி வாரி, அடிப்பலகை தெரிந்த குழிக்குள் தள்ளினாள். ஜல்லி கிழித்த விரல்களில் சிமெண்ட் எரிந்தது. எவ்வளவு தள்ளியும் குழி நிரம்பவில்லை.

“பேஜாரு பண்ணாதம்மா. கம்பி இல்லாத எடம், நிக்காது.”

“எவனும் எறங்கக் கூடாதுண்ணா.” அவள் நிமிரவில்லை. “எம் வூட்டுல எவனும் எறங்கக் கூடாது.”

அப்பாதுரை கழுவிய கரண்டியைக் கீழே வைத்தார். மிச்சமிருந்த கம்பியில் நான்கு துண்டு வெட்டிக் குழியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். நடுவில் நாலங்குலப் பைப்புத் துண்டு ஒன்றை நிறுத்தினார். இன்னொரு சட்டி கலவை போட்டு அவரே இழுத்துத் தேய்த்தார்.

தையல்நாயகி மறுபடி நூலை நீட்டிப் பிடித்தாள். முடிச்சுகள் பைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கோ தள்ளி விழுந்தன.

“இன்னா நூலும்மா அது?”

அவள் அதை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பூசாத சுவரில் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. காலையில் அதன் தோளுக்குத் தோள் பிடித்துத்தான் முடிச்சுப் போட்டிருந்தாள்.

திண்டிவனத்தில் ஒரு வீட்டின் பின்புறம், செப்டிக் டேங்கில் இறங்குமுன் அவள் புருஷன் ராஜாங்கம் கழற்றி, மடித்து, மூடியின் மேல் வைத்துவிட்டுப் போன சட்டை.

அதில் ஒரு பொட்டு அழுக்கில்லை.