எத்தனை வருசத்து அடைப்பு?

"ஏனுங்க அம்மணி, எம்பட ஊட்டுக்காரம்மா ரத்தக்குழாயை ஒரு தரம் கண்ணால பாத்துக்கலாமுங்களா?"

சரவணம்பட்டி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார் பொள்ளாச்சி வெள்ளியங்கிரி. மனைவி பாவாத்தாள் மாரடைப்பில் போய் அஞ்சு மாசம். ஆராய்ச்சிக்கென்று ஒரு துண்டு எடுத்துக்கொள்ள அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

ஆராய்ச்சி மாணவி அக்ஷயாவுக்கு உள்ளூரக் குஷி. இதையெல்லாம் பார்க்க யார் வருகிறார்கள்? பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் நோயில்லாத வேறொரு குழாயை நுண்ணோக்கியில் வைத்தாள். லேசர் ஒளி பட்டதும் திரையில் குழாய்ச் சுவரின் இழைகள் பச்சையாய், நெளிநெளியாய் ஒளிர்ந்தன.

"சாயம் கீயம் ஏத்துனீங்களா?"

"இல்லீங்கய்யா. தானாவே மின்னும்."

"அட! உள்ளுக்குள்ள இத்தனை அழகை வெச்சுக்கிட்டா நாம மூஞ்சிக்குப் பவுடர் போடறோம்!"

அடுத்தது பாவாத்தாளுடையது. இழைகள் அங்கங்கே அறுந்திருந்தன. நடுவில் கொழுப்புத் திட்டு. அதற்குள் கல்லாய் இறுகிய சுண்ணாம்பு.

அவர் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "எங்க சொட்டுநீர்க் குழாயில உப்பு அடைச்ச மாதிரியேங்க. எண்ணெய்ப் பலகாரம் தின்னா இப்படி ஆகுமுங்களா?"

"அதுவும் ஒரு காரணந்தானுங்க."

"ஆட்டுக்கறிக் கொழம்பு?"

"அதுவுந்தான்."

"ரெண்டே வருசத்துல இத்தனை அடைக்குமுங்களா? மருமக வந்து ரெண்டு வருசம். வந்த நாள்லருந்து சமையல் அந்தப் புள்ளதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அக்ஷயாவுக்குச் சுருக்கென்றது. ஓகோ, இதற்குத்தானா இவ்வளவு தூரம்! குடும்பப் பஞ்சாயத்துக்கு லேசரைச் சாட்சிக்கு இழுக்கிறாரே மனுசன்!

"ஆகாதுங்க." குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. "சுண்ணாம்பு இப்படி இறுகப் பத்து, இருபது வருசம் புடிக்கும். உங்க மருமக வர்றதுக்கு ரொம்ப முந்தியே ஆரம்பிச்சது. அவங்க மேல பழி போடாதீங்க!"

"நெசமாலுமேங்களா?"

"நெசந்தானுங்க."

"அப்ப இதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க அம்மணி."

"எழுதி யாருகிட்டக் காட்டப் போறீங்க?"

"அந்தப் புள்ளகிட்டத்தானுங்க. தான் ஆக்கிப்போட்டதுதான் அத்தையைக் கொன்னுபோட்டுதுன்னு அஞ்சு மாசமா அழுதுட்டே கெடக்குது. நான் சொன்னா நம்பமாட்டேங்குது, நீங்க எழுதுனா நம்புமுங்க."