முன்னால் போன வேன்

தேனியில் நடந்த ஃபுட்பால் ஃபைனலில் தன் ஊரான அனுமந்தன்பட்டி கூடலூரிடம் தோற்றதை வேல்பாண்டியால் செரிக்க முடியவில்லை. கூடலூர் வேன் இந்த வழியாகத்தானே போயாக வேண்டும் என்று, கூட்டாளிகளோடு கல்லும் கையுமாக ஊர் ரோட்டோரம் நின்றான்.

முதலில் வந்தது அனுமந்தன்பட்டி வேன். நிற்காமலே போய்விட்டது.

"தோத்த வெக்கம். மூஞ்சியக் காட்டாமப் போறாய்ங்க!" என்றான்.

பின்னாலேயே கூடலூர் வேன் வந்தது.

"எறிங்கடா!"

கண்ணாடி நொறுங்கி வேன் நின்றது. நெற்றியில் ரத்தம் வழிய இறங்கியவன், அனுமந்தன்பட்டி அணியின் கோல்கீப்பர், வேல்பாண்டியின் சொந்தத் தம்பி பாண்டீஸ்வரன்.

"ஏலே, நீ எப்படிடா இதுல?"

"நம்ம வேன்னா நீங்க கல்லெறிய மாட்டீகன்னு அவுகள அதுல ஏத்திவிட்டோம்ணே. பத்திரமாப் போயிட்டாகளா?"