மாதாவின் காலடித் தாமரை

கோயிலுக்கு வந்த புது மாதா படத்தில், மாதாவின் கையில் லில்லிப் பூ இருந்தது. காலடியில் தாமரை இருந்தது. நம் தேசிய மலரும் இருக்கட்டும் என்று ஓவியர் ரெஜினாள் சேர்த்து வரைந்திருந்தாள்.

"மாதா படத்தில் தாமரைக்கு என்ன வேலை? காலங்காலமாக இங்கே நான்தான்" என்றது லில்லி.

"முதலில் உன்னை யார் வரைந்தது?" என்று கேட்டது தாமரை.

"எங்கோ ஒரு ஓவியன். அவன் தோட்டத்தில் பூத்திருந்தேன்."

"நான் ரெஜினாள் ஊர்க் குளத்தில் பூத்தேன்."



பங்குச் சாமியாரோ, "திருவிழா முடியட்டும், தாமரையை வைப்பதா அழிப்பதா என்று பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

திருவிழாவுக்கு வந்த சனம் வழக்கம்போல மாதாவின் காலடியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தது. அத்தனை கையும் தாமரைமேல்தான் பட்டது. "மாதா நம்ம குளத்துக்கே வந்துட்டா" என்றாள் ஒருத்தி. திருவிழாக் கொடி இறங்குவதற்குள் தாமரையின் சிவப்பு வெளுத்துப் போனது.

சாமியார் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ரெஜினாளைக் கூப்பிட்டு, "தாமரைக்கு இன்னொரு பூச்சு சிவப்பு கொடும்மா" என்றார்.

அவள் தூரிகையை எடுத்ததும் மேலேயிருந்து லில்லி குரல் கொடுத்தது.

"பார்த்துப் பூசு. அது எங்க வீட்டுப் பூ."