முதுகில் சேறு

கணவர் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

கூடாரத்தின் கொசுவலைக்கு வெளியே மழை. மணி ஐந்தரைதான். அதற்குள் காபித் தோட்டம் இருட்டிக்கொண்டு வந்தது. இருபதடி தள்ளி ஓடை. தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க, வந்ததும் வராததுமாகக் கரையோரம் ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருந்தார். கல் முழுகினால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். அரைமணிக்கொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது தடவை, நடுங்கிக்கொண்டிருந்த அவள்மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு, அவளுடைய குடையோடு போனார். மலைக்குக் குடையா என்று காலையில் அவர் கேலி செய்த அதே குடை.

கல்லுக்குப் பக்கத்தில் இடது கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தார். குடை உருண்டு போனது.

அவள் கை வலையின் ஜிப்புக்குப் போனது.

திறக்கவில்லை. திறந்தால் பார்த்ததாக ஆகிவிடும்.

அவளை அனுப்பியதே பார்ப்பதற்குத்தான்.

ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போய், இந்த ஏழு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. வரவைத்தது மகள் சுகிர்தா. பிசியோதெரபிஸ்ட். மற்ற நோயாளிகளிடம் குழைவாள், அப்பாவிடம் மட்டும் போலீஸ். மலைக்குப் போயே தீருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றபோது, ஒரே ராத்திரிதான், அம்மாவும் கூடப் போக வேண்டும் என்றாள்.

மீதியை அம்மாவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை விழுந்தாலும் எங்கிட்ட சொல்லிரணும்மா. அதோட மலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். டென்ட்டை யாருக்காவது குடுத்துரலாம்."

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இருபத்திரண்டு வருடமாக அவர் சிநேகிதர்களோடு மலையேறிக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டில் நல்ல கட்டில் இருக்கும்போது தரையில் படுக்க எதற்கு மலை ஏற வேண்டும் என்பது அவள் கட்சி. இப்போதும் குடையோடும், எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறையப் புளியோதரையோடும்தான் வந்திருந்தாள். வந்த அவசரத்தில் மாற்றுத்துணிப் பையை மழையிலேயே வைத்து, இருந்த துணியையெல்லாம் ஊறப்போட்டதும் அவள்தான்.

அவர் அசையாமல் கிடந்தார். மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு வலப்பக்கம் புரண்டார்.

முழங்கையை ஊன்றினார். முட்டி போட்டார். வலது காலை முன்னால் கொண்டுவந்து வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

எழுந்தார்.

பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு செடிகூட இல்லை.

பிப்ரவரியில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருத்தி மகள். இன்னொருத்தி அவள். அந்தக் கனம் இன்னும் அவள் தோளில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சந்தோஷம் வந்து பல நாளாகிவிட்டது.

விழுந்தால் சொல்ல வேண்டும் என்றுதான் சுகிர்தா சொல்லியிருந்தாள். எழுந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அவர் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கல்லு வச்ச இடத்துலயே இருக்கு," என்று குடையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சரி," என்றாள், அப்போதுதான் விழித்தவள்போல.

அதற்குப் பிறகு அவர் அவளுக்கு முதுகைக் காட்டவே இல்லை. சாப்பிடும்போது பக்கவாட்டில் உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைக் கழுவப் போனபோது, கோயில் சந்நிதியிலிருந்து வெளியே வருகிறவர் மாதிரி அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனார். அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. இன்னொரு தடவை விழுந்து வைக்கப் போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.

விடியுமுன் மழை விட்டது. கல்லில் பாதிவரைதான் தண்ணீர் ஏறியிருந்தது.

கூடாரத்தை இருவரும் சேர்ந்து மடித்தார்கள். வெயில் வந்துவிட்டது. அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கழுத்து வரை பொத்தானை மாட்டினார்.

"மழைதான் விட்டிருச்சே."

"மேகம் நிக்குது."

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

எட்டு மணிக்குக் கீழே டீக்கடையில் சுகிர்தா ஜீப்போடு நிற்பாள். முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றச் சொல்வாள். உள்ளே சட்டை முதுகில் செம்மண் சேறு. துவைத்தாலே போகாது, தட்டினாலா போகும்?

அவள் கல் இருந்த இடத்துக்கு நடந்தாள். பக்கத்தில் புல் வழித்துக்கொண்டு போன தடம் அப்படியே இருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு.

மகள் வாங்கிக் கொடுத்த புது டிராக் பேன்ட்டோடு அதில் உட்கார்ந்தாள். பிறகு நன்றாக மல்லாந்து சாய்ந்தாள், முதுகும் படும்படி. சேறு சில்லென்றிருந்தது.

"ஏய், என்ன பண்ற?" அவர் பதறிக்கொண்டு வந்தார்.

"கை குடுங்க."

அவசரத்தில் அவர் இடது கையை நீட்டிவிட்டார். அவள் லேசான ஆளில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கை நடுங்கியது, விடவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"மொதல்ல வழுக்குனது நான். நீங்க தூக்க வந்தீங்க, உங்களையும் சேத்து இழுத்துட்டேன்," என்றாள். "கீழ போயி மாத்திச் சொல்லிராதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். புல்லில் இருந்த தடத்தைப் பார்த்தார். கூடாரம் நின்ற இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்தார்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர் மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.